இரண்டு பூட்டு

சரக்கறைக் கதவுக்கு இரண்டு பூட்டு.
ஒன்று முதலாளியுடையது, மற்றது ராணியுடையது.
முதலாளி கிளாஸ்கோவில். ராணி இன்னும் தொலைவில்.
ஆகவே தினமும் காலை எட்டரைக்கு
லாக்லன் மெக்கெக்கர்ன் ஒரு சாவியோடு வருவார்,
கலால் அதிகாரி ஹாட்ஜ் இன்னொன்றோடு.
இவர் இல்லாமல் அவர் நுழைய முடியாது,
அவர் இல்லாமல் இவரும்.
பதினொரு வருஷமாக
அவர்களுக்குள் பேச்சில்லை.

நடுவில் நான், கணக்கெழுதுகிறவள்.
"அவரிடம் சொல் மோராக், மூன்றாம் வரிசையில் ஈரம்."
"அவரிடம் கேள் மோராக், எந்தப் பீப்பாய்."
ஆறடி தள்ளி நிற்கும் இருவருக்கு
நான் தபால்காரி.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

காரணம் பேரேட்டில் இல்லை.
இல்லாததுதான் காரணம்.

லாக்லனின் கால்சட்டைக்குள் ஒரு செப்புக் குழாய் இருந்தது.
அடிப்பக்கம் ஒரு பென்னிக் காசை வைத்துப் பற்றவைத்தது,
மேலே தக்கை.
கயிறு கட்டித் தொடையோரம் தொங்கவிட்டால்
நடை கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதான்.
சாயங்காலம் ஆலையை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர்
அப்படித்தான் நடப்பார்கள்.
கேட்டால் கடல்காற்று, மூட்டுவலி.

ஹாட்ஜ் தக்கையைப் பிடுங்கினார்.
எல்லோரும் பார்க்க
முற்றத்துச் சரளையில் ஊற்றினார்.
காலிக் குழாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
அறிக்கை எழுதவில்லை.
எழுதியிருந்தால் லாக்லனுக்கு வேலை போயிருக்கும்,
வேலையோடு வீடும்.

"எழுதியிருக்கட்டுமே," என்றார் லாக்லன் என்னிடம்.
"தண்டனை என்றால் வாங்கிக்கொள்வேன்.
இது பிச்சை.
அதுவும், பன்னிரண்டு வருஷத்துச் சரக்கைச் சரளைக்கு வார்த்துவிட்டுப்
போட்ட பிச்சை."

பிப்ரவரி. படகுகள் வராத வாரம்.
பின்னிரவு இரண்டு மணிக்கு
சரக்கறைச் சுவரை ஒட்டிய வீட்டில்
லாக்லன் விழித்துக்கொண்டார்.
எப்போதும் மணக்கிற ஊரில்
கொஞ்சம் கூடுதலாக மணந்தது:
உலர்திராட்சை, நனைந்த கம்பளி,
அடியில் சுள்ளென்று ஓக்.

இனி நான் சொல்வது
இருவரும் தனித்தனியே சொன்னதை ஒட்டவைத்தது.
ஒட்டிய இடம் தெரிந்தால் மன்னிக்கவும்.

ஹாட்ஜின் கதவைத் தட்டினார்.
திறந்ததும் வாய் திறக்கவில்லை,
சாவியை மட்டும் தூக்கிக் காட்டினார்.
ஹாட்ஜ் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு,
கால் மாற்றிப் போட்ட பூட்சோடு,
காற்றுக்கு எதிரே குனிந்து நடந்தார்.
இரண்டு சாவியும் திரும்பின.

நானூற்றுப் பதினேழாம் பீப்பாய்.
தலைப்பலகை இடுக்கில் ஒரு நூல்போல் கசிவு,
டார்ச் வெளிச்சத்தில் தேன்நிறம்.
லாக்லன் காய்ந்த நாணலைக் கிழிக்கப் போனார்.
கிழித்து, உளியால் இடுக்கில் திணித்து,
இரும்பு வளையத்தைத் தட்டி இறுக்கும்வரை
யாராவது அடைத்துப் பிடிக்க வேண்டும்.
ஹாட்ஜ் பெருவிரலை வைத்தார்.
நாற்பது நிமிடம், மண்டியிட்டபடி,
ராணியின் அதிகாரி
ஒரு மரப்பாத்திரத்தின் ஓட்டைக்கு மூடியாக.

முடிந்ததும் விரல் மரத்துப்போயிருந்தது.
யோசிக்காமல் வாயில் வைத்துக்கொண்டார்.

வரி கட்டாத துளி.
லாக்லன் பார்த்தார்.
ஹாட்ஜ், லாக்லன் பார்த்ததைப் பார்த்தார்.
தரையில் ஊற்றவும் முடியாது அதை.

காலையில் அளவுகோல் இறக்கினோம்.
இரண்டே முக்கால் காலன் நட்டம்.
ஆவியாகப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் ஊரில்;
என் பேரேட்டில் அதற்குத் தலைப்பு 'குறைவு'.
'காரணம்' என்ற கட்டத்தில்
தலைப்பலகைக் கசிவு என்று எழுதி நீட்டினேன்.
ஹாட்ஜ் கையெழுத்திட்டார்.
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அவரிடம் சொல் மோராக்," என்று தொடங்கி நிறுத்தினார்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"நாணல் நன்றாக இருந்தது."

லாக்லன் கூரையை ஆராய்ந்தார்.
"ஆலைக் குளத்தது," என்றார்.
"செப்டம்பரில் அறுத்தது."

அவ்வளவுதான்.
அதற்குப் பிறகும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை,
வானிலை, எலி, இப்படி ஏதாவது.
நான்தான் அன்றைக்கு
இரண்டு பூட்டுக்கும் நடுவில்
கையில் பேரேட்டோடு
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.